கடைசி வரிசையில் இருந்த எண்ணெய்

ஃபோர்க்லிஃப்டின் சாவியை அக்கா என் மேசைமேல் வைத்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சிவப்பு நாடா கட்டிய சாவி. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வெளியே மூன்று லோரிகள் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தன.

“பாஸ், இன்னிக்கு நான் ஓட்டல” என்றார்.

மலேசியாவின் கிள்ளானில் மளிகைச் சாமான்களை மொத்தமாக அனுப்பும் கிடங்கு அது. நான் மேலாளர். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவர்தான், சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அங்கிருந்த ஒரே ஓட்டுநர். எந்தச் சாமான் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் வரைந்து கொடுத்தவன் நான்தான். அந்தக் காலத்தில் அரிசியும் பருப்பும் அதிகம் போயின. அவற்றை வாசலருகே வைத்தேன். எண்ணெய் டின்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். பிறகு வியாபாரம் மாறி, எண்ணெய்தான் வேகமாகப் போனது. ஆன்லைன் ஆர்டர்கள் வந்தபோது, பொட்டலம் கட்டும் பெண்களுக்கு நடுவழியிலேயே மேசை போட்டேன். ஒவ்வொரு முறை எண்ணெய் எடுக்கும்போதும் அக்கா அந்த மேசைகளை ஒட்டித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அமைப்பை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். என் வரைபடத்தில் ஒருவர் குறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

எனக்கும் உரிமம் இருந்தது. கோபத்தோடு சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன். எண்ணெய் டின்களை உயரமாக ஏற்றியதால் முன்னால் எதுவும் தெரியவில்லை, பின்னோக்கி ஓட்டினேன். திருப்பத்தில், இடமில்லாமல் வழியிலேயே அடுக்கியிருந்த மூட்டைகள் பார்வையை மறைத்தன. ஹார்ன் அடித்தேன். திரும்பினேன்.

“நிப்பாட்டுங்க!” அக்காவின் குரல்.

பிரேக்கை மிதித்ததில் ஒரு டின் சரிந்து விழுந்து உடைந்தது. சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, கீழே விழுந்த டேப்பை எடுக்கக் குனிந்திருந்த பெண் நிமிர முடியாமல் அப்படியே இருந்தார். எண்ணெய் அவர் செருப்பை நோக்கி ஓடியது. நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

அக்கா அந்தப் பெண்ணைக் கைபிடித்து உட்காரவைத்தார். பிறகுதான் என்னிடம் வந்தார். “நான் தினமும் இப்படித்தான் பாஸ் வரேன். அந்த மூலைக்கு வந்தா மூச்சே நின்னுடும்.”

லோரிகளைத் திருப்பி அனுப்பினேன். பெட்டாலிங் ஜெயாவிலிருந்த முதலாளியிடம், கிடங்கை மாற்றியமைக்க இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். வாடிக்கையாளர்கள் போய்விட்டால் நானும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். இரண்டு கடைகள் போகத்தான் செய்தன. என் வேலை எப்படியோ தப்பியது. அந்த இரண்டு நாளும் அக்கா சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட, நாங்கள் எல்லோரும் மூட்டை நகர்த்தினோம். எண்ணெய் வாசலுக்கு வந்தது. மேசைகள் பின்சுவருக்குப் போயின. நடப்பவர்களுக்குச் சங்கிலி கட்டித் தனிவழி விட்டோம். மூன்றாம் நாள் அந்தப் பெண் புதிய வழியில் நடந்து தன் இடத்துக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை. அவரிடமும் அக்காவிடமும் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது ரவாங்கில் இதைவிடப் பெரிய கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் சாமான் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணினியே சொல்லிவிடுகிறது. போன மாதம் ஓட்டுநர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, ஒரு திருப்பத்தில் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். கணினி எந்தக் குறையும் காட்டவில்லை. முதலில் வண்டிகளை நிறுத்தச் சொன்னேன். எந்தத் திருப்பம் என்று பிறகுதான் கேட்டேன்.