கண்ணாடி மேஜையில் ஆடிய தோட்டாக்கள்

டெல்மர் ஹோக் அந்தக் கோடையில் நான்காவது முறையாகத் தன் ரிவால்வரை என் கடை மேஜைமேல் வைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொன்டானாவில் இருபத்தாறு வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். அதை மூன்று தடவை பிரித்துப் பூட்டிவிட்டேன். அதில் ஒரு குறையும் கிடையாது.

"மறுபடியும் இறுகிக்குது ஆரின். ரெண்டு சுட்டா, மூணாவதுக்குத் தோட்டா உருளை சுத்தவே மாட்டேங்குது."

"நான் கடைத் தோட்டா போட்டு அறுபது தடவை சுட்டேன்டா. பம்பரமா சுத்துச்சு."

"கடைத் தோட்டாவா? எவன் அடைச்சான்னே தெரியாததை நான் சுடணுமா?"

இதுதான் டெல்மர். மர ஆலையில் முப்பத்தொரு வருடம் ரம்பப் பல் கூர்தீட்டியவன். தோட்டாவுக்கு மருந்தை அவனே நிறுப்பான். பித்தளைக் கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன நெருப்புக் கேப்பை ஒரு கைக்கருவியில் வைத்துக் கட்டைவிரலாலேயே அழுத்துவான். பெட்டிமேல் தேதி எழுதுவான். அவன் தோட்டாவைச் சந்தேகப்படுவதும் அவன் ஞானஸ்நானத்தைச் சந்தேகப்படுவதும் ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய நானே அதுவரை வாய் திறக்கவில்லை.

இந்த முறை அவன் முகத்தில் பயம் இருந்தது. எல்க் மான் வேட்டை தொடங்க ஒன்பது நாள்தான். அவன் போகும் மலையில் கரடிகள் அதிகம். இந்த ரிவால்வர் சுற்றாவிட்டால் தனியாகக் காட்டுக்குப் போகக் கூடாது என்று அவன் மனைவி நோரீன் சொல்லிவிட்டாள். ஐம்பது வருடமாக அவன் தனியாகத்தான் போகிறான்.

"உன் தோட்டாவைக் குடு," என்றேன்.

முறைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆறு தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தான். கண்ணாடிமேல் நிறுத்தினேன். மூன்று அசையாமல் நின்றன, மூன்று ஆடின. ஆடியவற்றில் கேப்பு முழுக்க உள்ளே இறங்காமல் அடியில் துருத்திக்கொண்டிருந்தது. உருளை சுற்றும்போது அதுதான் பின்னால் இருக்கும் இரும்பில் உரசி நின்றது.

"கேப்பே மட்டம். இந்தத் தடவை வந்த சரக்கு சரியில்ல," என்றான்.

எரிச்சலில் ஒரு வெறுங்கூட்டையும் கைக்கருவியையும் அவன் முன்னால் தள்ளினேன். "இது என் கடைக் கேப்பு, நல்ல சரக்கு. அழுத்து பாப்போம்."

அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டைவிரல் முட்டி வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கேப்பு பாதியிலேயே நின்றது.

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது. துப்பாக்கியில் கோளாறு இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்திருப்பேன்.

வெளியே வண்டியில் காத்திருந்து சலித்த நோரீன் உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள். கருவியை வாங்கி இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். கேப்பு முழுக்க இறங்கியது.

"உனக்குத் தெரியுமா?" என்றான் டெல்மர்.

"மார்ச் மாசத்திலேர்ந்து ஜாம் ஜாடியெல்லாம் தானாவா திறந்துக்குது? மூடியைத் தளர்த்திட்டுத்தான் உன் முன்னால வைக்கிறேன்."

அவன் அந்தக் கூட்டை எடுத்து அடியைத் தடவிப் பார்த்தான். நெடுநேரம் தடவினான், ஒரு குறை கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை.

"பெட்டிக்கு அம்பது. இன்னும் நாப்பத்தொன்பது கூடு இருக்கு அழுத்த," என்று அவளிடம் சொல்லிவிட்டு, அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.