ஒரு கண் மட்டும் புதுசாக இருந்த லாரி

என் கடைசி மகன் ஹெவி லைசென்ஸ் எடுத்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற லாரியில் வேலை தேடினான். போன இடமெல்லாம், "ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வா தம்பி" என்றார்கள். அரூரில் ஒரு ஓனர் மட்டும், ஓட்டச் சொல்லிக்கூடப் பார்க்காமல், "ஒரிஜினல் லைசென்ஸைக் குடு, நாளைக்கே வந்துடு" என்றார்.

ஒரிஜினலை ஓனர் வாங்கி வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். மகனும் கொடுத்துவிட்டான். கூடப் போன எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கண் நன்றாகத் தெரியும். லாரியைச் சுற்றி வந்தேன். முன்னால் ஒரு லைட் மங்கிப்போன பழசு, இன்னொன்று புத்தம்புதுசு. பம்பரில் பெயிண்ட் காயவில்லை.

"இது எங்கீங்க மோதுச்சு?"

"ஏன் ஆயா, லாரி ஓட்டப்போறது நீயா, உம் பையனா?"

"அவன்தாங்க. பெத்தவ நானு."

கையை நீட்டி அவரிடமிருந்து லைசென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். வந்த வேலையைக் கெடுத்தேன் என்று மகன் வூடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் மெக்கானிக் வந்து சொன்னார். அந்த லாரி ஒரு பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அன்றைக்கு ஓட்டியது ஓனரின் மச்சான்; அவனுக்கு லைசென்ஸே கிடையாதாம். ஓட்டியது இவன்தான் என்று போலீசில் காட்ட, லைசென்ஸ் உள்ள ஒரு ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

இப்போது மகன் பொம்மிடியில் ஒரு லாரிக்கு ரெண்டாவது டிரைவர். அங்கே லைசென்ஸின் ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுத்தோம். சேர்கிற அன்றைக்கு நான் சொல்வதற்குள் அவனே குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தான்.