ஓட்டை விழுந்த பிரேக் எண்ணெய் டின்

இன்று சுங்கைப் பட்டாணிக்குப் போய் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

என் கார் ஜப்பான் போருக்கு முந்தையது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை நம்பி நானும் மனைவி சாரதாவும் மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம்.

"இன்ஜின் எண்ணெய் ஊத்துனா போதாதா பாய்?" என்று அங்கே கார்ச் சாமான் கடைக்காரரிடம் கேட்டேன்.

"வேணாண்ணே, உள்ள இருக்குற ரப்பரெல்லாம் ஊதிப்போயிடும். இந்த பிரேக் எண்ணெய்தான் சரி. டின்னைத் திறந்தா அன்னைக்கே ஊத்திடுங்க, ஈரம் இழுத்துக்கும்."

திரும்பும்போது லூனாஸ் சாலைத் தடுப்பில் மலாய்க் கான்ஸ்டபிள் டின்னை ஆட்டிப் பார்த்தார். "மாக்கானான்?" சாப்பாடா என்று கேட்கிறார்.

"இல்லை லா, மிஞ்ஞாக் பிரேக்!" பிரேக் எண்ணெய்தான் என்றேன்.

அவர் நம்பவில்லை. அவசரகாலமாயிற்றே! காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராமலிருக்க, சாப்பாட்டு டின்னையெல்லாம் ஓட்டை போடச் சொல்லி உத்தரவு. ஆணியை வைத்து ஒரே அடி.

முகர்ந்து பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பாவம், மன்னிப்பும் கேட்டார்.

"மன்னிப்பு எதுக்கு? வந்து பெடலை மிதிக்கச் சொல்லுங்க. இங்கேயே மாத்திடலாம்," என்றாள் சாரதா.

நான் காருக்கடியில் படுத்துப் பழைய எண்ணெயை வடித்தேன். சாரதா புதியதை ஊற்றினாள். கான்ஸ்டபிள் துப்பாக்கியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, நான் கத்தியபோதெல்லாம் மிதித்தார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. அவர் அசையவே இல்லை.

கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. "பாகுஸ்!" பிரமாதம் என்று அவரே கைதட்டினார்.

உங்களில் யாருக்காவது பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டுமா? அவருக்கு நாளைக்கும் அங்கேதான் வேலையாம். கேட்டுச் சொல்லச் சொன்னார்.