தடவிப் பார்த்த கை

இரண்டு வருஷம் கழித்து சவுதியிலிருந்து ஃபயாஸ் பொன்னேரி வீட்டுக்கு லீவில் வந்தான். அன்றைக்கே மனைவி ரமீஸா அவனுக்குத் தனியாகப் பாய் விரித்தாள். வழக்கம்போல ஒரே தட்டில் சாப்பிட அவன் கூப்பிட்டபோது, பசியில்லை என்று நழுவினாள். தன் டம்ளரையும் அடுப்படியில் ஒதுக்கி வைத்தாள். போனில் அவன் குரலைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவள், அவன் மூச்சுக்காற்று படும் தூரத்தில் தூக்கமில்லாமல் கிடந்தாள்.

"எம்மேல இன்னா கோவம் ரமீஸா?"

வேலை அலுப்பு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகத்தில் கண்ணீர் வழிந்ததை அவன் பார்க்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மூட்டை பிரித்து, ஒவ்வொரு விரிப்பையும் மெஷினில் போடுமுன் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோலோ கிண்ணமோ துணிக்குள் சுருண்டு வந்திருந்தால் மெஷின் கெட்டுவிடும். ஃபயாஸ் வருவதற்குச் சில நாள் முன்புதான், ரத்தம் தோய்ந்த விரிப்பில் கிடந்த ஊசி அவள் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறியது. வேலை போய்விடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி, நோய் தொற்றாமலிருக்க மாத்திரை வாங்கினாள். கடைசி ரத்தச் சோதனை முடிகிறவரை புருஷனோடு ஜாக்கிரதையாக இரு என்றார்கள். கூட்டத்தின் இரைச்சலில் மற்றது காதில் விழவில்லை. தொட்டாலே அவனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அந்தச் சோதனைக்கு முன்பே அவன் விமானம் ஏறிவிடுவான்.

லீவு கரைந்துகொண்டே போனது. அப்போதுதான், ரத்தத்தால் தொற்றும் நோய் எந்தெந்த வேலையில் வரக்கூடும் என்று கணிக்க டாக்டர் ஜோதிலட்சுமி கம்பெனிக்கு வந்தார். சூப்பர்வைசர் குப்புராஜ் அவரை நேரே மெஷின் பக்கம் கூட்டிப்போய், இங்கே யார் கையும் படுவதில்லை என்று பெருமையடித்தான். துணிக்குள் ஏதாவது கிடந்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார்.

"மெஷினுக்கு ஏதும்மா கண்ணு? எங்க கைதான் அதுக்குக் கண்ணு," என்றாள் பக்கத்தில் நின்ற விக்டோரியா. குப்புராஜ் முறைத்தான்.

ரமீஸா ஒரு விரிப்பை எடுத்து மேஜையில் போட்டுத் தடவிக் காட்டினாள். நடுவில் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இப்படித்தாம்மா பாப்போம். பாக்கறப்பதான் ஊசி குத்திச்சு."

டாக்டர் அந்த இடத்திலேயே தடவிப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு அவளைத் தனியே உட்காரவைத்து எல்லாம் கேட்டார். சோதனை முடியும்வரை ஆணுறை இல்லாமல் கணவனோடு சேரக் கூடாது, ரத்தம் படக் கூடாது. மற்றபடி ஒரு தட்டில் சாப்பிடலாம், கட்டிக்கொள்ளலாம், எதுவும் ஒட்டாது என்று விளக்கினார். தனிப் பாய் போடச் சொன்னது யார் என்று கேட்டதும் ரமீஸா வாய்விட்டு அழுதாள்.

சாயங்கால ரயிலில் வீடு வந்து அவனிடம் அத்தனையும் கொட்டினாள். ஃபயாஸ் எழுந்து போய், ஒதுக்கி வைத்த டம்ளரில் டீ ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான்.

"காத்துகினு இருக்கறது நமக்கு இன்னா புதுசா? இத்த சொல்லாம இத்தினி நாள வீணாக்கிட்டியே, அதான் மனசு ஆறல."

நான்கு நாளில் அவனுக்கு விமானம். ரமீஸா அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நெற்றியிலிருந்து முதுகுவரை மெல்லத் தடவினாள். இந்த முறை கை எங்கேயும் நிற்கவில்லை.