பால்மானியில் அளந்த இஞ்சி பீர்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று மேஜைக்குப் போக வேண்டும். தோட்டம் உள்ளவர்கள் வாழைத்தார் வைப்பார்கள், முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். மற்றவர்கள் கையால் செய்த பண்டம் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் விற்று சபைக்குக் கொடுப்பார்கள். நான் சேலையூருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷமும் கேம்ப் ரோட்டுக் கடையில் இரண்டு தேங்காய் வாங்கி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கையால் செய்ததை வைத்தால் யார் செய்தது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் குடித்தே போனவர். அந்த வீட்டுப் பண்டம் என்று யாரும் முகம் சுளித்ததில்லை. சுளிப்பார்களோ என்று நானாகவே நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்தேன்.

போன வருஷம் பெண்கள் சங்கக் கூட்டத்தில், யார் என்ன கொண்டுவருவது என்று எழுதும் நோட்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. என் பெயருக்கு எதிரே ‘ஜிஞ்சர் பீர், பன்னிரண்டு பாட்டில்’ என்று எழுதிவிட்டேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை. எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. ஆனால் அடிக்கவில்லை, அழிக்கவில்லை.

சங்கத்துச் செயலாளர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நோட்டை வாங்கி உரக்கப் படித்தார்.

“அதிரசம், பத்து பாக்கெட். சோமாஸ், இருபது பாக்கெட். ஜிஞ்சர்...” கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடி பார்த்தார். “பீரா?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பக்கத்தில், வருஷா வருஷம் சோமாஸ் போடுகிறவள் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள், இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாது. “இன்னாக்கா, சத்தமே இல்லாம பார் தொறந்துகினியா? சொல்லியிருந்தா சைடு டிஷ் நான் போட்டிருப்பேனே” என்றாள்.

எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

“சிரிக்காதீங்க” என்றார் டீச்சர். “அக்கா, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அது புளிக்க வெச்சுச் செய்யறது. ஆல்கஹால் வரும். சபை மேஜையில எப்படி வைக்கறது?”

“மாவு கூடத்தான் புளிக்குது டீச்சர்” என்றாள் சோமாஸ்காரி. “இட்லிக்கு எந்த கமிட்டி உட்கார்ந்துச்சு?”

“இட்லியை யாரும் பீர்னு எழுதலையே. சரி, அளந்து காட்டட்டும். பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெபம் முடிஞ்சதும் இங்கயே, எல்லார் முன்னாடியும். சரியா அக்கா?”

சரி என்று தலையாட்டினேன். எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியாது.

செய்யத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் சமையலறை வேலைக்கு இருந்தேன். அந்த வீட்டு அம்மா கோடையில் இஞ்சி பீர் போடுவார்கள். பாட்டில் கழுவுவது மட்டும்தான் என் வேலை. ஆனால் கண் சும்மா இருக்குமா? தோலோடு இஞ்சியைத் துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு சின்ன ஜாடியில் வைப்பார்கள். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் அது நுரைத்து மேலே வரும். அதுதான் உறை. பாலுக்கு மோர் மாதிரி. அதில் ஒரு கரண்டி எடுத்து, ஆறிய சர்க்கரைத் தண்ணீரில் விட்டு, எலுமிச்சை பிழிந்து மூடி வைத்தால் தானே பொங்கி, தானே காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். மூக்கில் ஏறியது, சிரித்துவிட்டேன். குடித்துவிட்டுச் சிரிக்கலாம் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. பிறகு நாற்பது வருஷம் நான் பார்த்த குடி வேறு. அதனாலேயே, குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடிய ஒரு பாட்டில் என் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது.

அளக்கிற விஷயத்தை மருமகளிடம் கேட்டேன். அவள் பள்ளியில் சயின்ஸ் எடுக்கிறவள். “சர்க்கரை போட்டா தண்ணி கனமாகும் அத்தை. உறை அந்தச் சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலும் கேஸும் விடும். தின்னத் தின்னத் தண்ணி லேசாகும். எவ்வளவு லேசாச்சுன்னு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் விக்கிறாங்க. ஆர்டர் போடட்டுமா?”

“பால்மானி மாதிரியா?”

“அதே கதைதான் அத்தை.”

பிளாட் போடுகிறவர்கள் வரும்வரை எங்களிடம் இரண்டு எருமைகள் இருந்தன. நான் காலனியில் பால் ஊற்றுவேன். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பால்மானி டிரங்குப் பெட்டியில் இன்னும் இருந்தது. கீழே கனமான குண்டு, மேலே மெல்லிய குழாய், குழாயில் கோடுகள். வெறும் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்து சைபரில் நிற்கும். நல்ல பாலில் மேலே தூக்கி நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எண்பது கிராம் சர்க்கரை என்று கரைத்துப் போட்டுப் பார்த்தோம். முப்பத்தொன்றில் நின்றது. பாலே மாதிரி.

மருமகள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். “நாலு கோடு இறங்கினா நூத்துல அரைப் பங்கு ஆல்கஹால். அது வரைக்கும் மது இல்லாத பானம்னுதான் கணக்கு, அதுக்கு மேல போகக்கூடாது அத்தை. உங்க எல்லை அதுதான்.”

நாலு கோடு. அதை மனசில் எழுதிக்கொண்டேன்.

முதல் ஈடு இரண்டரை நாள் ஜாடியில் இருந்தது. பன்னிரண்டு கோடு இறங்கிவிட்டது. மூடியைத் திறந்தபோது வந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ஒரு வாய்கூட வைக்காமல் சாக்கடையில் கொட்டி, ஜாடியை மூன்று முறை கழுவினேன். இரண்டாம் ஈட்டுக்கு லாரித் தண்ணீரை எடுத்தேன். அதில் பிளீச்சிங் பவுடர் நெடி. உறை செத்துவிட்டது. நாலு நாளாகியும் ஒரு குமிழி இல்லை. அதிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து, அகலப் பாத்திரத்தில் திறந்து வைத்து, மறுநாள்தான் எடுப்பேன். மூன்றாவதில் பாதிச் சர்க்கரைக்குப் பனைவெல்லம் போட்டுப் பார்த்தேன். மருமகள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “கஷாயம் நல்லா இருக்கு அத்தை. யாருக்கு ஜுரம்?” என்றாள். பனைவெல்லத்தை விட்டேன்.

நான்காவது ஈடு சரியாக வந்தது. வெள்ளைச் சர்க்கரை, தோலோடு நசுக்கிய இஞ்சி, எலுமிச்சை, இரண்டு கிராம்பு. அரை நாள் ஜாடியில், பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டி பிளாஸ்டிக் சோடா பாட்டிலில். கண்ணாடி பாட்டில் வேண்டாம். டாக்டர் வீட்டில் ஒன்று வெடித்து அலமாரிக் கதவில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் விரலால் அழுத்திப் பார்க்கலாம். அமுங்காமல் விறைத்துக்கொண்டால் உடனே பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குளிர்ந்தால் உறை தூங்கிவிடும்.

“என் மாவு எங்க போகும் அத்தை?”

“பக்கத்து வீட்டு பிரிட்ஜ்ல வெச்சுட்டேன்மா.”

“கேட்டுட்டா வெச்சீங்க?”

பக்கத்து வீட்டாரிடம் கேட்கும்போது என் குரல் எழும்பியதா என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் சரி என்றார்கள்.

இன்னொன்றும் அப்போது கற்றுக்கொண்டேன். பாட்டிலைத் திறந்து அப்படியே பால்மானியைப் போட்டால் அது பொய் சொல்லும். காற்றுக் குமிழிகள் குண்டைச் சுற்றிக் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். ஒன்றுமே இறங்காதது போலக் காட்டும். டீ ஆற்றுகிற மாதிரி இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, காற்றைப் போக்கிய பிறகு அளந்தால்தான் உண்மை. அப்படி அளந்தேன். மூன்று கோடு. என் எல்லைக்குள்.

வெள்ளிக்கிழமை அந்த ஈட்டில் ஒரு பாட்டிலை ஐஸ் கட்டிகளோடு கூடையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். கேம்ப் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டி நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. அன்றைக்கென்று ஜெபமும் நீண்டது. ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளைகளின் பரீட்சை வரை சொல்லி ஜெபித்தார்கள். கூடைக்குள் கையை விட்டு பாட்டிலைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது.

ஜெபம் முடிந்ததும் பலிபீடத்துப் பூச்சாடி ஒன்றைக் கழுவி எடுத்துவந்தார்கள். அளக்க உயரமான கண்ணாடி வேண்டுமே. முதலில் முப்பத்தொன்று இருந்தது, நாலு கோடு வரை இறங்கலாம் என்று மருமகள் எழுதிக் கொடுத்த தாளை டீச்சர் எல்லோருக்கும் படித்தார். நான் எழுந்து போவதற்குள், “கொடுங்க அக்கா, நானே பார்க்கிறேன்” என்று பாட்டிலை வாங்கித் திறந்து, பூச்சாடியில் ஊற்றி, பால்மானியையும் போட்டுவிட்டார்.

“முப்பத்தொண்ணு!” என்றார். “ஒரு கோடு கூட இறங்கலை. பாருங்க எல்லாரும்.”

கை தட்டினார்கள். சோமாஸ்காரி என் தொடையைக் கிள்ளி, “கெலிச்சிட்டக்கா” என்றாள்.

நான் குண்டைப் பார்த்தேன். கடுகு மாதிரி, சுற்றிலும்.

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்குப் புதுசா? நாற்பது பேர் எதிரில் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எழுந்து நின்றேன்.

“டீச்சர், அது சரியில்லை.”

“என்ன சரியில்லை?”

“காத்து தூக்குது. ஆத்திட்டு அளக்கணும்.”

யாரோ இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்கள். நின்றபடியே ஆற்றினேன். நுரை கட்டி அடங்கும்வரை ஆற்றினேன். பூச்சாடியில் ஊற்றி பால்மானியைப் போட்டதும் அது மெதுவாக அமிழ்ந்து இருபத்தைந்தில் நின்றது.

டீச்சர் குனிந்து இரண்டு தரம் பார்த்தார். “ஆறு கோடு. ரெண்டு கூடுதல் அக்கா.”

“எத்தினி வருஷமா வாயே தொறக்காத மனுஷி” என்றாள் சோமாஸ்காரி தலையில் கையை வைத்துக்கொண்டு. “இன்னிக்குப் பார்த்தா தொறக்கணும்?”

வீட்டில் மூன்றுதான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெயிலில் வந்த அந்த ஒன்றரை மணி நேரமும் சமையலில் ஒரு பாகம்தான், நான்தான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை காலையில வேற கொண்டு வரேன்” என்றேன். “ஆராதனைக்கு முன்னாடி நீங்களே ஆத்தி அளந்து பாருங்க. கூட இருந்தா நானே திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்.”

“ஒரு நாள்ல முடியுமா?”

“முடியும்.”

அன்று சாயங்காலமே முந்தின நாள் ஆற வைத்த தண்ணீரில் சர்க்கரை கரைத்தேன். சனிக்கிழமை காலை உறை விட்டேன். இந்த முறை ஜாடியில் பாதி நேரம்தான். பாட்டில் முழுசாக விறைக்கும்வரை காத்திருக்கவில்லை. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும்போதே பிரிட்ஜில் அடுக்கினேன். வழியில் இன்னும் புளிப்பதற்கு இடம் விட வேண்டும். மீன் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கி, சோப்புப் போட்டு வாசனை போகத் தேய்த்து வெயிலில் காய வைத்தேன். ஞாயிறு விடியலில் அளந்தபோது இரண்டு கோடு. பெட்டி முழுக்க ஐஸ் போட்டு, மருமகளை ஸ்கூட்டரில் கொண்டுவிடச் சொன்னேன்.

டீச்சர் பட்டுப்புடவையில் இருந்தார். பாட்டிலை அவரே பொறுக்கி எடுத்தார், மேலே இருந்ததை அல்ல, அடியில் இருந்ததை. அவரே ஆற்றினார். எனக்கே போதும் என்று தோன்றிய பிறகும் ஆற்றினார், புடவையில் தெறித்தது. பால்மானி இருபத்தெட்டில் நின்றது.

“மூணு” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “வைங்க அக்கா. நீங்களும் மேஜைக்குப் பின்னாடி நில்லுங்க. கேக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார்.

நின்றேன். சோமாஸ்காரி தன் தட்டுகளைத் தள்ளி எனக்கு இடம் விட்டாள். ஒரு பாட்டிலை வாங்கி அங்கேயே குடித்துப் பார்த்து, “டேஸ்ட் கீது, கேஸ்தான் கம்மி” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். வாஸ்தவம், காற்று குறைவுதான். இருந்தாலும் போனது. குழந்தைகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடித்தார்கள்.

கடைசியில் நாலைந்து பாட்டில் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். பீர்க்கன்காரணைப் பக்கத்திலிருந்து வருகிறவள், முப்பது முப்பத்தைந்து வயது. அவள் புருஷன் குடியை விடவைக்கும் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து ஆறு மாசம் ஆகிறது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் செருப்பு விடும் இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

“ஆன்ட்டி, இதுல அது இல்லைன்னு டீச்சர் அளந்தாங்களாமே. அவருக்கு வாங்கிக் குடுக்கலாம்ல? பார்ட்டி மாதிரி இருக்கும்னு ஆசைப்படறாரு.”

டீச்சர் சற்றுத் தள்ளித்தான் இருந்தார். அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை.

“எல்லைக்குள்ள இருக்கும்மா. சுத்தமா இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றேன். “கொஞ்சமே கொஞ்சம் இருக்கு. பேரும் பீரு, வாசனையும் லேசா அப்படி வரும். உனக்கு வேணும்னா நீ குடி. அவருக்கு வேணாம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பக்கத்தில் விற்பனைக்கு இருந்த எலுமிச்சம்பழங்களில் இரண்டை எடுத்துப் பிழிந்து, தண்ணீர் விட்டு, ஐஸும் டீ போடும் இடத்தில் வாங்கிய சர்க்கரையும் போட்டு, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து, ஒரு டம்ளரில் கலக்கினேன்.

“இதைக் கொண்டு போய்க் குடு. நான் போட்டதுன்னு சொல்லு” என்றேன்.