விண்டர்போர்ன் என்ற பெயர்

ஷார்ஜாவில், முவைலா பகுதி டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏசி டெக்னீஷியன். சட்டையில் தொங்கும் அட்டையில் 'விண்டர்போர்ன்' என்று இருக்கிறது. ஆனால் டீ கேட்டது தமிழில். ஊர் தூத்துக்குடிப் பக்கமாம்.

"இங்கிலீஷ் பேரா இருக்கே?"

"பூட்டனுக்கு ஞானஸ்நானம் குடுத்த வெள்ளக்கார பாதிரி பேரு, அண்ணாச்சி. லேபர் கேம்புல எல்லாவனும், 'விண்டர் பாய், நீயே கொஞ்சம் ஊதிவிடு, ஏசி எதுக்கு'ன்னு கேலி பண்ணுதானுவ."

கைப்பேசியில் தேடிச் சொல்கிறேன். தென் இங்கிலாந்தில் கோடையில் வற்றி, குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைக்கு அந்தப் பெயர். ஓடைக்கரை ஊர்களுக்கும், பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கும் அதுவே பெயரானது. இப்போது அங்கேயும் அரிது.

"ஓடையா! நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதே!"

உடனே சவுதியில், தம்மாமில் இருக்கும் மகனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரன் என்று நினைத்து நேர்காணலுக்கு அழைத்தவர்கள், நேரில் கண்டதும் முகம் சுளித்ததால், மகன் அதை பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டானாம்.

"பேரனுக்காவது வையி, மக்கா," என்று கெஞ்சுகிறார்.

பதில் வருகிறது. சத்தமாகவே போட்டுக் கேட்கிறார்.

"அவனுக்குப் பேரு பதிஞ்சாச்சுல்லாப்பா. இப்ப போயி ஓடைங்கீய. டூட்டியில நிக்கேன், வைக்கேன்."

"அப்ப இந்தப் பேரு என்னோட கலாஸ், முடிஞ்சுது, அண்ணாச்சி," என்று சிரிக்க முயல்கிறார்.

நான் டீக்கடைக்கு வரும்வரை, அந்தப் பெயர் போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை.