மூடாமல் விட்ட குவியல்

போன வருஷம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த சமயம். செஞ்சியில் ஒரு நெல் மண்டியின் சிமென்ட் களத்தில், என் நெல் குவியலுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே சிமென்ட் சுட்டது, மேலே வெயில் சுட்டது. நடுவில் நான்.

என் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தொண்டூர்ப் பக்கம் எங்களுக்கு இருப்பதே கொஞ்சம் நிலம். அதில் அந்த வருஷம் விளைந்தது அந்த ஒரு போகம்தான். "பொம்பளையா மண்டியில போய் நிக்க முடியுமா அண்ணி? பேசாம குத்தகைக்கு உட்டுடுங்க" என்று கொழுந்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கோ வீம்பு அதிகம். சின்ன யானை லோடு வண்டியில் நானே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நெல் நல்லபடியாக எடை ஏறினால் நிலம் என் கையில் இருக்கும். நனைந்து கெட்டால் அவன் சொன்னதுதான் நடக்கும்.

கொட்டகை நிறைந்துவிட்டதால் பிந்தி வந்தவர்கள் வெளியே கொட்டியிருந்தோம். எடை போடும் ஆட்கள் வரிசையாக வருவார்கள், நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்கள் எல்லாம் வேப்ப மரத்தடியில் கூடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும், அதனால் போகவில்லை. வடக்கே எங்கெங்கோ வெயில் கொளுத்துகிறது, புழுதிக் காற்றும் இடிமழையும் அடிக்கிறது என்று யாருடைய செல்லிலோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து என்னிடம் ஒருவரும் பேசவில்லை, தெளிவாகக் காதில் விழுந்தது அந்தச் செல் குரல்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. என் கணவர் இருந்திருந்தால் இந்நேரம் அந்த மரத்தடியில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டிருக்கும்.

பக்கத்துக் குவியல், அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. மூன்று மணி வாக்கில் அவர் எழுந்து, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேம்மா" என்றார். நான் தலையாட்டினேன். மண்டியில் அது ஒரு பழக்கம். வெளியே போகிறவர் பக்கத்துக் குவியல்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார். தலையாட்டியவர் அந்தக் குவியலுக்கும் பொறுப்பு. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் அது நன்றாகவே புரிந்திருந்தது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் காற்று சுத்தமாக நின்றது. ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. எழுந்து பார்ப்பதற்குள் புழுதி வாரி அடித்தது, கொட்டகைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் ஓடிவந்து எதிர்ப்பட்ட குவியலை எல்லாம் மூடினார்கள். நாங்கள் இருந்தது களத்தின் கடைசி மூலை, அதுவரை யாரும் வரவில்லை. நான் என் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்தேன். பெரியவரின் தார்ப்பாய் மடித்து, மேலே ஒரு செங்கல் வைத்தபடி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. என் கண்ணில் அது படாமல் இல்லை. நான் என் தார்ப்பாயின் மேலேயே ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

மழை சரளைக் கல்லைக் கொட்டியது போல விழுந்தது. இடி தலைக்கு மேலேயே இடித்தது. கொட்டகையிலிருந்து இடிக்குப் பயந்து "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று குரல்கள் கேட்டன. நான் படுத்த இடத்திலிருந்து, அவருடைய குவியல் கரைந்து நெல் சாக்கடைப் பக்கம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையிலிருந்து பெரியவர் ஓடிவந்தார். தன் குவியலை ஒரு தடவை பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"எறங்கும்மா. மேல படுத்து இன்னா பிரயோசனம்? அடியில தண்ணி போவுது பாரு."

மேற்குப் பக்கம் தார்ப்பாய் தூக்கிக்கொண்டு, களத்துத் தண்ணீர் என் நெல்லுக்குள் புகுந்துகொண்டிருந்தது. மேலே மூடினால் போதும் என்று நினைத்த எனக்கு, சுற்றிலும் அணை கட்ட வேண்டும் என்று தெரியவில்லை. அதெல்லாம் என் கணவர் பார்த்துக்கொண்ட வேலை. பெரியவர் தன்னுடைய வெறும் கோணிகளை வாரிக்கொண்டு வந்து, சுருட்டிச் சுருட்டி என் குவியலைச் சுற்றி அடைத்தார்.

"அண்ணா, உங்க நெல்லு" என்றேன்.

"அது நனஞ்சிபோச்சி. இத்தையாவது பாப்போம்."

அரை மணி நேரத்தில் மழை விட்டது. என் நெல்லில் ஓரமாக ஒரு சாக்கு அளவுக்குத்தான் நனைந்திருந்தது. அவருடையதில் பாதிக்கு மேல் போயிருந்தது. அவர் குந்திக்கொண்டு, தண்ணீரில் கிடந்த நெல்லைக் கையால் ஒதுக்கினார். நானும் போய் எதிரில் உட்கார்ந்து ஒதுக்கினேன். நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை.

நெல்லை ஒதுக்கிக்கொண்டே அவர் கேட்டார். "இடிக்கு பயந்துட்டியாம்மா?"

"ஆமாண்ணா" என்றேன்.

"தனியா வேற வந்துகினு. பயம் இருக்கத்தான் செய்யும்" என்றார்.

மறுநாள் என் நெல் எடை ஏறியது. நிலம் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, கொழுந்தனும் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெரியவரை அதன் பிறகு மண்டியில் பார்க்கவில்லை. எனக்கென்று யாரும் இல்லை என்று ஒரு வருஷமாக நினைத்து நினைத்து, பக்கத்தில் இருக்கிறவருக்கு நானாவது இருக்கலாமே என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு இடிக்கு நான் பயப்படவே இல்லை என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.